யூரியாப் பச்சையும் சாரல் பச்சையும்: போட்டோ எடிட்டிங் பழக வருகிறவர்களுக்கு

புளியரை வயல்காட்டில் எடுத்த படம் ஒன்றை 12க்கு 18 இஞ்ச் அளவில் பிரிண்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். முன்னால் கார் பருவத்து நெல், பின்னால் மலை, மலையின் தோளில் சாரல் மேகம். இரண்டு ராத்திரி உட்கார்ந்து எடிட் செய்த படம். அப்பா அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பயிரு நல்லாத்தான் நிக்கு. ஆனா யூரியா கூடிப்போச்சே. யாரு வயலு இது?" என்று கேட்டார்.

எங்கள் வயல்தான். தினமும் காலையில் மண்வெட்டியோடு போய் அவர் மடை பார்க்கிற வயல். நான் ஒரே ஒரு ஸ்லைடரைத் தள்ளியதில் அவருக்கே அது வேற்று வயலாகிவிட்டது.

எடிட்டிங்கில் அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியதுதான். செங்கோட்டை, தென்காசி, குற்றாலம், மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, கழுத்துருட்டி என்று நான் சுற்றுகிற வட்டாரத்துப் படங்களை வைத்தே இதை எழுதுகிறேன். நீங்கள் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமோ கம்பம் கூடலூர்ப் பக்கமோ இருந்தாலும் வழி இதேதான். செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் அல்லது ரா படம் எடுக்கிற செல்போன், எட்டு ஜிபி ரேம் உள்ள ஒரு லேப்டாப், முப்பது ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று. இவ்வளவும் இருந்தால் போதும்.

முதலில் நோட்டுப் புத்தகம்

எடிட்டிங் கம்ப்யூட்டரில் தொடங்குவதில்லை. படம் எடுத்த இடத்திலேயே நின்று நாலு வரி எழுதுங்கள். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "ஜூலை, காலை 7.10, புளியரை. வெயில் முதுகுப் பக்கம். மலை உச்சி மேகத்துக்குள். நட்டு மூன்று வாரம் ஆன நெல், எலுமிச்சங்காய்ப் பச்சை. வரப்புப் புல் அதைவிடக் கருப்பு. மேகம் வெள்ளை இல்லை, சாம்பல் கலந்த நீலம்."

இது ஏன் வேண்டும் என்றால், நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ள நம் கண்ணுக்குத் தெரியாது. எந்த வெளிச்சத்தில் இருக்கிறதோ அதற்குத் தன்னைப் பழக்கிக்கொள்வதுதான் கண்ணின் வேலை. ஸ்க்ரீன் முன்னால் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் ஸ்க்ரீனில் தெரிகிற பச்சைதான் அசல் பச்சை என்று ஒப்புக்கொண்டுவிடும். அப்போது நம்மைப் பிடித்து நிறுத்துவதற்கு அந்த நாலு வரி இருக்க வேண்டும்.

பச்சைக்கு நம்மிடம் சொல் பஞ்சம் கிடையாது. நாற்றங்காலின் இளமஞ்சள் பச்சை, தூர் கட்டும்போது வரும் கனத்த பச்சை, பொதி தள்ளும்போது மங்குகிற பச்சை, கதிர் சாயும்போது ஓரங்களில் ஏறுகிற பொன்னிறம் என்று வயலில் வேலை செய்கிறவர்கள் ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்வார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வெயில் எந்தப் பக்கம் என்பதையும் தவறாமல் குறியுங்கள். செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் மலை மேற்கே இருக்கிறது. ஆகவே காலை வெயில் மலையின் முகத்தில் நேராக விழும். பாறை மடிப்புகூடத் தெரியும். சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். மலை வெறும் கறுப்பு உருவமாகும், வானம் மட்டும் பளீரென்று நிற்கும். ஆரியங்காவுப் பக்கம் போனால் இது அப்படியே தலைகீழ்: அங்கே காலை வெளிச்சம் மலையைத் தாண்டி வரவே நேரமாகும். ஒரே மலையை இரண்டு பக்கமிருந்து எடுத்த படங்களுக்கு ஒரே எடிட்டிங் செட்டிங்கைப் போட்டால் ஒன்று கெட்டே தீரும்.

ரா கோப்பில் எடுங்கள்

கேமரா தரும் ஜேபெக் சமைத்துப் பரிமாறிய சாப்பாடு. ரா என்பது, கேமரா பதிந்ததை எதுவும் சேர்க்காமல் அப்படியே வைக்கிற கோப்பு, அரிசியும் பருப்பும். ஜேபெக்கில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள்தான் உண்டு. 12 பிட் ரா கோப்பில் 4,096 படிகள், 14 பிட்டில் 16,384. வெயிலில் பளிச்சென்று தெரியும் மேகத்தையும் நிழலில் கிடக்கும் வரப்பையும் ஒரே படத்தில் இழுத்துப் பிடிக்க வேண்டும் என்றால் இந்தக் கூடுதல் படிகள்தான் கைகொடுக்கும். படிகள் போதாத ஜேபெக்கை அதிகம் இழுத்தால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

செல்போனில் புரோ மோடுக்குள் போய் ரா என்பதை ஆன் செய்தால் டிஎன்ஜி கோப்பாகச் சேமிக்கும். பல போன்களில் இந்த வசதி இருக்கிறது.

முதன்முதலாக ரா கோப்பைத் திறந்ததும் மங்கலாக, சப்பென்று இருக்கும். பயப்படாதீர்கள். கேமரா தன் பங்குக்குச் சேர்க்கிற உப்பு காரம் எதுவும் அதில் சேரவில்லை, அவ்வளவுதான்.

மென்பொருளைப் பற்றி நிறைய யோசித்து நாளைக் கடத்த வேண்டாம். ரா கோப்புக்கு டார்க்டேபிள் அல்லது ராதெரபி, லேயர் வேலைகளுக்கு (படத்தின் மேல் படத்தை அடுக்குவது) கிம்ப், போனில் ஸ்னாப்சீட். எல்லாம் இலவசம். கிம்ப் 1995இல் பெர்க்லியில் படித்த இரண்டு மாணவர்கள் தொடங்கியது. இன்றுவரை தன்னார்வலர்கள் அதை வளர்த்துவருகிறார்கள். மாதக் கட்டணம் கட்ட முடிகிறவர்கள் லைட்ரூம் வைத்துக்கொள்ளலாம். பெயர்கள் மாறுமே தவிர ஸ்லைடர்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். டார்க்டேபிளும் லைட்ரூமும் மூலக் கோப்பைத் தொடுவதில்லை, நாம் செய்த மாற்றங்களின் குறிப்பை மட்டும் தனியாக வைத்துக்கொள்கின்றன. ஆகவே தைரியமாகச் சோதனை செய்யலாம். ரா கோப்புகளை மட்டும் வேறொரு ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் போட்டுவிடுங்கள்.

ஸ்க்ரீனைச் சரிசெய்த பிறகே உட்காருங்கள்

நைட் லைட் போட்டிருந்தால் அணையுங்கள். அது ஸ்க்ரீனை மஞ்சளாக்கும், அதைச் சரிக்கட்ட நீங்கள் படத்தை நீலமாக்குவீர்கள். பிரைட்னெஸ்ஸை முழுசாக வைத்து எடிட் செய்த படம் பிரிண்டில் இருண்டு வரும். அறை வெளிச்சத்தில் ஸ்க்ரீனுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். ஸ்க்ரீனில் தெரியும் வெள்ளைப் பக்கமும் கையிலிருக்கும் தாளும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரியும்வரை பிரைட்னெஸ்ஸைக் குறையுங்கள்.

முதல் சுற்று: நிறத்தைத் தொடாமல்

படத்தை நேராக்குவதில் தொடங்குங்கள். வரப்பு சாய்ந்திருக்கலாம், குளத்துத் தண்ணீர் சாயக் கூடாது. கட்டடம் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. தென்காசிக் கோயிலின் ஒன்பது நிலை ராஜகோபுரத்தைக் கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் அது பின்னோக்கிச் சாய்ந்து விழுவதுபோல வரும். பெர்ஸ்பெக்டிவ் கருவியால் இரண்டு பக்கக் கோடுகளையும் நிமிர்த்தலாம். முழுக்க நிமிர்த்தினால் உச்சி அகன்று கோபுரம் தலைகனத்துத் தெரியும். நான் எழுபது சதவீதத்தோடு நிறுத்திவிடுவேன். அண்ணாந்து பார்த்த உணர்வு கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால் எடுக்கும்போதே இரண்டு பக்கமும் இடம் விட்டு எடுங்கள்.

அடுத்தது ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிக்கட்டுவது. உச்சி வெயிலுக்கு 5,500 கெல்வின், மேகமூட்டத்துக்கு 6,500, நிழலுக்கு 7,500, மஞ்சள் பல்புக்கு 2,700 முதல் 3,000 வரை என்று ஒரு கணக்கு இருக்கிறது. எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகும், குறைத்தால் நீலமாகும். சாரல் நாளில் 6,500 வைத்தால் கணக்கு சரி, படம் தப்பு. மேகத்தின் நீலம் போய் மலை முழுக்க வெயில் காய்கிற மாதிரி ஆகிவிடும். சாரல் காற்றின் குளிர்ச்சி அந்த லேசான நீலத்தில்தான் இருக்கிறது. 5,800 பக்கம் நிறுத்திப் பாருங்கள்.

வெள்ளையான ஒரு பொருளைத் தொட்டு ஒயிட் பேலன்ஸ் எடுக்கிற பிக்கர் என்ற கருவியும் உண்டு. அதை வைத்து யாருடைய வெள்ளை வேட்டியையும் தொடாதீர்கள். நீலம் போட்டு அலசிய துணி கண்ணுக்கு வெள்ளை, கேமராவுக்கு நீலம். அதைத் தொட்டால் மீதிப் படமெல்லாம் மஞ்சள் ஏறும். சிமென்ட் தரை, கருங்கல் தூண் போன்ற சாம்பல் நிறப் பொருள்கள் நம்பத்தக்கவை. வயலில் கொக்கு நின்றால் அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது, அதன் இறகு வெளிச்சத்தில் வெளிறிப் போகாமல் இருந்தால்.

பிறகு எக்ஸ்போஷர், அதாவது படத்தின் மொத்த வெளிச்சம். இங்கே ஹிஸ்டோகிராம் பார்க்கப் பழகுங்கள். படத்தில் எந்த வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வரைபடம் அது. இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை, நடுவில் மற்றதெல்லாம். மேடு எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது என்பதை வைத்துப் படம் நல்லதா கெட்டதா என்று முடிவு செய்ய வேண்டாம். சாரல் மூடிய மலைக்கு மேடு நடுவில்தான் நிற்கும். ஓரங்கள் காலியாக இருப்பதே அந்தக் காட்சியின் குணம். ஆட்டோ பட்டனை அழுத்தினால் அது இரண்டு ஓரத்தையும் இழுத்து நிரப்பும், சாரல் காணாமல் போகும். வலது ஓரச் சுவரில் மோதி நிற்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். அப்படி மோதினால் அந்த வெள்ளையில் விவரம் போய்விட்டது. ஹைலைட் ஸ்லைடரைக் கீழே இறக்கினால் ரா கோப்பில் ஓரளவு திரும்ப வரும். முழுக்கப் போனது வராது.

பச்சையும் மஞ்சளும்

இந்தப் பகுதியில் நிதானமாக இருங்கள். நம் பக்கத்துப் படங்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் ஒரு சோதனை. வயல் படம் ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்லைடர் இருக்கிற பகுதிக்குப் போங்கள். லைட்ரூமில் கலர் மிக்ஸர், டார்க்டேபிளில் கலர் ஸோன்ஸ், ராதெரபியில் எச்எஸ்வி ஈக்வலைசர். அங்கே பச்சையின் சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, முழுக்கக் கீழே இறக்குங்கள். வயல் முழுவதும் சாம்பலாகும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஆகாது. பெரும்பகுதி நிறம் அப்படியே நிற்கும். இப்போது மஞ்சளை இறக்குங்கள். வயல் செத்துப்போகும்.

நாம் பச்சை என்று சொல்கிற இலையில், கம்ப்யூட்டரின் கணக்குப்படி மஞ்சள்தான் அதிகம். புதிதாக வருகிறவர்கள் இது தெரியாமல் பச்சை ஸ்லைடரைக் கூட்டிக்கொண்டே போவார்கள். இலையில் கொஞ்சமாக இருக்கிற நீலப்பச்சை மட்டும் தனியாக ஏறி, பெயின்ட் அடித்த மாதிரி நிற்கும். அப்பா யூரியா கூடிப்போச்சு என்று சொன்னது அதைத்தான். தழைச்சத்து மிகுந்த பயிர் கருநீலம் பாய்ந்த பச்சையில் நிற்கும். சாச்சுரேஷனை முப்பதுக்குத் தள்ளிய நான், அதே நிறத்தை ஸ்க்ரீனில் வரவழைத்திருந்தேன்.

நான் இப்போது செய்வது இதுதான். பொதுவான சாச்சுரேஷனைத் தொடுவதில்லை. வைப்ரன்ஸ் ஐந்து, ஆறு கூட்டுவேன். ஏற்கெனவே நிறம் ஏறியதை அது அதிகம் தொடாது, மங்கலானதை மட்டும் கொஞ்சம் தூக்கிவிடும். பிறகு பச்சையின் ஹ்யூவை (நிறச் சாயலை) மஞ்சள் பக்கம் லேசாகத் திருப்பி, சாச்சுரேஷனைப் பத்துக்குள் குறைப்பேன். பல கேமராக்களும் போன்களும் இலையை நீலப்பச்சைப் பக்கம் தள்ளிவைத்திருக்கும். இது அதைத் திரும்ப இழுக்கும். மஞ்சளின் லூமினன்ஸை (வெளிச்ச அளவை) கொஞ்சம் கூட்டினால் நெல் நுனியில் வெயில் பட்ட மினுமினுப்பு வரும். இது முடிந்ததும் நோட்டை எடுத்து அன்று எழுதிய வரியைப் படித்துவிட்டுத் திரும்பப் படத்தைப் பார்ப்பேன்.

சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டத்துக்கு ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது, நீலம் மிகக் குறைவு. வெயிலில் அந்த இதழ்களில் சிவப்புச் சேனல் (படத்திலுள்ள சிவப்பின் அளவு) மற்றவற்றுக்கு முன்பே உச்சியைத் தொட்டுவிடும். கேமராவின் மொத்த ஹிஸ்டோகிராம் எல்லாம் சரி என்றே காட்டும். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் இதழில் ஒரு நரம்புகூடத் தெரியாது, மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல இருக்கும். கேமராவில் மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் வைத்துப் பாருங்கள். சிவப்பு மோதினால் மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும், கூட்டினால் இரட்டிப்பாகும்). எடிட் செய்யும்போது மஞ்சளின் சாச்சுரேஷனைக் கூட்டாமல் லூமினன்ஸைக் குறையுங்கள். நரம்பும் மடிப்பும் எழுந்து வரும்.

சாரலைத் துடைத்துவிடாதீர்கள்

டீஹேஸ் என்ற ஸ்லைடர் மிகவும் ஆசை காட்டும். காற்றில் பரவிய ஈரம் படத்தின் மேல் வெளிறிய திரை போல விழுகிறது. அந்தத் திரை எவ்வளவு கனம் என்று கணக்கிட்டுக் கழிப்பதுதான் அதன் வேலை. வெயில் காலத்துப் புழுதி மங்கலுக்கு அது உதவும். ஆனால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்குகிற நாளில் நீங்கள் எடுக்கப் போனதே அந்தத் திரையைத்தான். அடுக்கடுக்கான மலைகளில் தூரத்து மலை வெளிறியும் நீலமாகவும் இருப்பதால்தான் அது தூரத்தில் இருப்பதாக நமக்குத் தெரிகிறது. டீஹேஸைக் கூட்டினால் நாலு மலையும் ஒரே சுவராகும்.

தேவையென்றால் மாஸ்க் போட்டு (மாற்றம் எந்தப் பகுதிக்கு மட்டும் என்று குறிப்பது), அருகில் இருக்கும் பாறைக்கும் மரத்துக்கும் மட்டும் பத்து கொடுங்கள். மேகத்தையும் பின்மலையையும் விட்டுவிடுங்கள். சாயங்காலப் படத்தில் வானம் பளீரென்றும் வயல் இருட்டாகவும் இருந்தால் மேலிருந்து கீழாக மங்குகிற கிரேடியன்ட் மாஸ்க் ஒன்றைப் போட்டு வானத்தை மட்டும் ஒரு ஸ்டாப் குறைக்கலாம். ஃபிலிம் காலத்து இருட்டறையில் என்லார்ஜருக்கு அடியில் கையையும் அட்டைத் துண்டையும் காட்டி, பிரிண்டின் ஒரு பகுதிக்கு மட்டும் வெளிச்சத்தைக் குறைத்தும் கூட்டியும் செய்த வேலைதான் இது. மலை விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிந்தால் மாஸ்க் கடினமாக இருக்கிறது என்று பொருள், ஃபெதரை (விளிம்பின் மென்மையை) கூட்டுங்கள்.

அருவி: எட்டுப் படத்தை ஒன்றாக்கும் சோதனை

குற்றால அருவியைப் பால் வழிவதுபோல எடுக்க நீண்ட ஷட்டர் வேண்டும். பகல் வெளிச்சத்தில் அதற்கு லென்ஸ் முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் மாட்ட வேண்டும். ஃபில்டர் இல்லாதவர்களுக்கு இந்த வழி.

ஒரு சுவரிலோ பாறையிலோ கேமராவை அசையாமல் வைத்து, மேனுவல் மோடில், ஒரே செட்டிங்கில், பதினைந்தில் ஒரு வினாடி ஷட்டரில் எட்டுப் படம் எடுங்கள். கேமராவைப் பேரருவியின் மேல்பகுதிக்கு, தண்ணீர் பொங்குமாங்கடலில் விழுந்து எழும்புகிற இடத்துக்குத் திருப்புங்கள். கீழே குளிக்கிறவர்கள் படத்தில் வரவே கூடாது. அவர்கள் நம் கேமராவுக்காக வந்தவர்கள் அல்ல. கூட்டத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்றுகூட எடுக்காதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்பு லென்ஸைப் பாருங்கள், திவலை வந்து உட்கார்ந்திருக்கும்.

எட்டு ரா கோப்புக்கும் ஒரே திருத்தத்தைப் போட்டு 16 பிட் டிஃப் கோப்பாக வெளியே எடுங்கள். கிம்ப்பில் ஓபன் ஆஸ் லேயர்ஸ் என்பதில் எட்டையும் ஒன்றாகத் திறங்கள். கீழே இருக்கும் லேயரின் ஒபாசிட்டி (அடியில் உள்ளதை எவ்வளவு மறைக்கிறது என்ற அளவு) 100. அதற்கு மேல் 50, பிறகு 33.3, 25, 20, 16.7, 14.3, கடைசியாக உச்சியில் 12.5. எல்லா லேயருக்கும் 50 என்று வைத்துவிடுவது எல்லோரும் செய்கிற தவறு. அப்படிச் செய்தால் மேலே இருக்கும் படம்தான் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நூறை லேயரின் வரிசை எண்ணால் வகுத்து வைத்தால் எட்டுக்கும் சம பங்கு கிடைக்கும்.

தண்ணீர் இழையிழையாகச் சேர்ந்து ஒழுகும், பாறை கூர்மையாக நிற்கும். கூடவே ஒரு லாபம்: இருண்ட பாறையில் தெரிந்த குருணை குருணையான நாய்ஸ் குறைந்திருக்கும். நாலு படத்தைச் சராசரி எடுத்தால் நாய்ஸ் பாதியாகும், பதினாறு எடுத்தால் கால்வாசியாகும். மூன்று நாலு ஸ்டாப் ஃபில்டருக்குப் பணம் செலவழிக்கும் முன்பு இதைச் செய்து பாருங்கள். எனக்கு இதில் கிடைத்த தண்ணீர்தான் பிடித்திருக்கிறது, ஃபில்டர் போட்டு எடுத்ததைவிட அதில் இழை தெரிகிறது.

பதிமூன்று கண் பாலமும் கறுப்பு வெள்ளையும்

கொல்லம், செங்கோட்டை ரயில் பாதை 1904இல் திறக்கப்பட்டது. அதில் கழுத்துருட்டிப் பக்கம் சாலையோரமாகவே நிற்கிற கல் பாலத்தை மலையாளத்தில் பதிமூணு கண்ணற என்பார்கள். நாமும் பாலத்தின் வளைவைக் கண் என்றுதானே சொல்கிறோம். மீட்டர் கேஜ் காலம் முடிந்து 2018இல் பாதை முழுவதும் அகலப் பாதையான பிறகும் அதே வளைவுகள் மேல்தான் ரயில் போகிறது. கறுப்பு வெள்ளை பழக இதைவிட நல்ல பாடம் இந்தப் பக்கம் இல்லை.

வெறுமனே நிறத்தை நீக்கினால் பாலமும் காடும் ஒரே சாம்பலாகக் கலந்துவிடும். சாதாரணக் கணக்கில் பச்சைக்கு ஏறக்குறைய 72 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7 என்று பங்கு கொடுத்துக் கூட்டுகிறார்கள். இந்தப் பங்கை நாமே மாற்றலாம். கிம்ப்பில் கலர்ஸ் மெனுவில் டீசாச்சுரேட், அதற்குள் மோனோ மிக்ஸர். மூன்றின் கூட்டுத்தொகை நூறாக இருக்கும்படி வைத்துக்கொண்டு விளையாடுங்கள். கல் சாம்பல் நிறம். மூன்று சேனலிலும் ஒரே அளவுதான் இருக்கும். ஆகவே நீங்கள் பங்கை எப்படி மாற்றினாலும் பாலம் அசையாது. காடு மட்டும் ஏறும், இறங்கும். பச்சைக்குப் பங்கைக் கூட்டினால் இலைகள் வெளுத்துப் பாலம் கறுத்துத் தெரியும். பச்சையைக் குறைத்து நீலத்தைக் கூட்டினால் காடு இருண்டு கல் துலங்கும். வானம் நீலமாக இருக்கும் நாளில் சிவப்பைக் கூட்டினால் வானம் கறுக்கும். ஃபிலிம் காலத்தில் சிவப்பு ஃபில்டர் போட்டது இதற்குத்தான். சாரல் நாளின் சாம்பல் வானத்தில் அது எடுபடாது.

பாலத்தில் எப்போதும் யாராவது செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள். இருபது வினாடிக்கு ஒன்றாகப் பதினைந்து படம் எடுத்து, கிம்ப்புக்கான ஜிமிக் என்ற இணைப்பில் மீடியன் முறையில் (ஒவ்வொரு புள்ளிக்கும் எல்லாப் படங்களின் நடு மதிப்பை எடுப்பது) சேர்த்தால், ஓர் இடத்தில் பாதி நேரத்துக்கும் குறைவாக நின்றவர்கள் எல்லோரும் மறைந்துவிடுவார்கள். சுவரில் மாட்டுகிற படத்துக்கு இதைச் செய்யலாம். இயற்கைப் பிரிவில் போட்டிக்கு அனுப்பும் படத்தில் செய்யக் கூடாது. சர்வதேச சலோன்களின் (புகைப்படப் போட்டிகளின்) இயற்கைப் பிரிவு விதிகள் எதையும் சேர்க்கவோ நீக்கவோ இடமாற்றவோ விடுவதில்லை, ஓரம் வெட்டுவதைத் தவிர.

பிரிண்ட்

என்னுடைய முதல் பிரிண்டுகள் வயலைக் காய்ந்த வைக்கோலாகக் காட்டின. படத்தை அடோபி ஆர்ஜிபி நிறவெளியில் (எந்த எண் எந்த நிறம் என்று சொல்கிற முறை) சேமித்துக் கொடுத்திருந்தேன். பிரிண்ட் லேபில் இருந்த மெஷின் அதை எஸ்ஆர்ஜிபி என்ற இன்னொரு நிறவெளியாகவே எடுத்துக்கொண்டது. அப்படி வாசித்தால் நிறம் வெளிறித்தான் வரும். அந்த வெளிறலை ஈடுகட்டத்தான் அப்பா பார்த்த படத்தில் சாச்சுரேஷனை ஏற்றினேன். இந்த முறை எஸ்ஆர்ஜிபியில் சேமித்துவிட்டதால் ஏற்றியது முழுவதும் தாளில் இறங்கிவிட்டது. லேபுக்குக் கொடுக்கும் கோப்பை எப்போதும் எஸ்ஆர்ஜிபியில், ஜேபெக் தரம் 90க்கு மேல் வைத்துச் சேமியுங்கள்.

12க்கு 18க்கு இஞ்சுக்கு 300 பிக்சல் என்றால் 3,600க்கு 5,400 வேண்டும். சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 200 போதும், அதாவது 2,400க்கு 3,600; பழைய பத்து மெகாபிக்சல் கேமராவே கொடுத்துவிடும்.

பெரிதாகப் போடும் முன்பு அதே படத்தை மூன்று வெளிச்சத்தில் 4க்கு 6 அளவில் போட்டுப் பாருங்கள்: ஸ்க்ரீனில் இருப்பதுபோல ஒன்று, மூன்றில் ஒரு ஸ்டாப் கூட்டி ஒன்று, மூன்றில் இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று. எனக்குப் பெரும்பாலும் நடுவில் உள்ளதுதான் சரியாக வருகிறது. கவுன்டரில் கொடுக்கும்போது "கரெக்‌ஷன் எதுவும் போடாதீங்க, அப்படியே அடிங்க" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மெஷின் தானாக வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்தும். நாம் விட்டுவைத்த சாரல் அங்கே போய்விடும். பிரிண்டைக் கடையின் டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்யாமல் வெளியே பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

அந்தப் புளியரைப் படத்தை அதே ரா கோப்பிலிருந்து போன மாதம் மறுபடி செய்தேன். 5,800 கெல்வின், வைப்ரன்ஸ் 5, பச்சை சாச்சுரேஷன் மைனஸ் 8, மஞ்சள் லூமினன்ஸ் பிளஸ் 6, டீஹேஸ் இல்லை. அப்பா இந்தத் தடவையும் ஜன்னல் பக்கம்தான் கொண்டுபோனார். "மேலமடை மூலையில கோரை நின்னிருக்கே. அப்ப நான் பாக்காம விட்டுட்டேன் போல" என்றார். படத்தை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தேன், நெல்லை ஒட்டி ஒரு கைப்பிடிக் கோரை, கொஞ்சம் கருத்த பச்சையில் தனியாகத் தெரிந்தது. அந்த எண்களை நோட்டில் அன்றைய நாலு வரிக்குக் கீழே எழுதிவைத்திருக்கிறேன்.